ரேஜிங் புல்: ஒரு குத்துச்சண்டை வீரரின் வாழ்க்கைப் படம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980-இல் வெளிவந்த ‘ரேஜிங் புல்’ என்னும் அமெரிக்கப் படத்தைப் பார்த்து முடித்தவர்கள் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு கற்பனை என்பார்கள். வண்ணப்படக் காலத்தில் ஏன் கறுப்பு வெள்ளை என்பார்கள். மனைவியை அடிக்கிற ஒருவனுக்காக நாம் ஏன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். இவற்றுள் கடைசிக் கேள்விதான் கனமானது. மற்றவற்றுக்குப் பதில் சொல்லப் புகுந்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. கதையின் முடிவு வரை இங்கே பேசப்படுவதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.

படம் யாருடைய வாழ்க்கையைச் சொல்கிறது?

ஜேக் லமோட்டாவின் வாழ்க்கையை. 1922-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று நியூயார்க்கில் பிறந்து, அந்நகரின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த, இத்தாலியக் குடும்பத்து வீரர் அவர். தொழில்முறையில் ஆடிய 106 போட்டிகளில் 83-இல் வென்று, 19-இல் தோற்று, 4-இல் சமன் செய்தார்; 1949 முதல் 1951 வரை உலக மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) சாம்பியனாக இருந்தார். ‘பிராங்க்ஸ் காளை’ என்பது அவருக்கு வழங்கிய பட்டப்பெயர்.

அவருடைய ஆட்டத்தில் நளினம் குறைவு. குனிந்த தலையோடு எதிராளியின் மார்புக்குள் புகுந்துவிடுவார். உள்ளே புகுவதற்கு விலையாக நாலு அடி வாங்க வேண்டியிருந்தால் வாங்கிக்கொள்வார். அடி வாங்குவதையே ஒரு உத்தியாகக் கொண்டிருந்தார் என்று சொல்வது மிகையாகாது. இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டால் படத்தின் பாதி விளங்கிவிடும்.

படம் எப்படி உருவானது?

லமோட்டா, ஜோசப் கார்ட்டர், பீட்டர் சாவேஜ் ஆகிய மூவர் பெயரில் 1970-இல் வெளிவந்த லமோட்டாவின் சுயசரிதையைப் படித்துவிட்டு, இதைப் படமாக்கியே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் நடிகர் ராபர்ட் டி நீரோ. இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸிக்கு அதில் நாட்டமில்லை. சிறுவயதிலிருந்தே ஆஸ்துமாக்காரரான அவருக்கு எந்த விளையாட்டோடும் ஒட்டுறவு கிடையாது. குத்துச்சண்டை அவருக்குப் புரியாத ஒன்றாகவே இருந்தது. 1978-இல் அவர் உடல்நலம் முற்றிலும் குலைந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது டி நீரோ போய்ப் பார்த்து, மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தார். தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் மனிதன் ஒருவனின் கதை என்ற அளவில் அது தன் கதையும்தான் என்று ஸ்கோர்செஸிக்குத் தோன்றியது அப்போதுதான்.

திரைக்கதை மார்டிக் மார்ட்டின், பால் ஷ்ரேடர் இருவரின் பெயரில் இருக்கிறது. இறுதி வடிவத்தை டி நீரோவும் ஸ்கோர்செஸியும் கரீபியக் கடலிலுள்ள செயின்ட் மார்ட்டின் தீவில் தங்கித் தாங்களே திருத்தி எழுதினார்கள். அதற்காகத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. தயாரிப்பாளர்கள் இர்வின் விங்க்லர், ராபர்ட் சார்ட்டாஃப். வெளியிட்ட நிறுவனம் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ்.

‘ராக்கி’ பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்குமா?

பிடிக்க வேண்டிய கட்டாயமில்லை. 1976-இல் வந்த ‘ராக்கி’யைத் தயாரித்தவர்களும் இதே விங்க்லரும் சார்ட்டாஃபும்தான் என்றாலும், இரண்டுக்கும் உள்ள உறவு அத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கே எளியவன் ஒருவன் எழுந்து நிற்பதைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம். இங்கே பட்டம் வெல்லும் காட்சிகூட இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. அடுத்த காட்சியில் அதே சாம்பியன் தொந்தியைத் தள்ளிக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறான்.

ஏன் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள்?

காரணங்கள் பல. முதலாவது, ஒரு முதியவரின் கண். டி நீரோ பயிற்சி எடுத்ததை ஸ்கோர்செஸி சிறிய சுருளில் வண்ணத்தில் படம்பிடித்து வைத்திருந்தார். அதைப் பார்த்த பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் பவல், கையுறைகளின் சிவப்பு ஏதோ உறுத்துகிறதே என்றார். ஸ்கோர்செஸிக்குப் பொறி தட்டியது. 1940களின் குத்துச்சண்டையை மக்கள் பார்த்ததெல்லாம் செய்திப்படங்களிலும் பத்திரிகைப் புகைப்படங்களிலும்தான். அவர்கள் நினைவில் அது கறுப்பு வெள்ளையாகவே பதிந்திருந்தது.

இரண்டாவது, அந்த ஆண்டுகளில் குத்துச்சண்டைப் படங்கள் வரிசைகட்டி வந்துகொண்டிருந்தன. கூட்டத்தில் ஒன்றாக இது ஆகிவிடக் கூடாது. மூன்றாவது, அப்போதைய வண்ணச் சுருள்கள் சில ஆண்டுகளிலேயே வெளுத்துப்போவதை எதிர்த்து ஸ்கோர்செஸி குரல் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

வண்ணம் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. லமோட்டாவின் திருமணம், நீச்சல் குளம், பிள்ளைகள் என்று வீட்டில் எடுத்த குறும்படங்களைப் போல ஒரு பகுதி வருகிறதே, அது மட்டும் மங்கிய வண்ணத்தில் இருக்கும். பழைய சுருள் என்று தோன்றுவதற்காக அதில் வேண்டுமென்றே கீறல்கள் போட்டார்கள். மகிழ்ச்சியாக இருந்ததாக அந்தக் குடும்பம் தன்னைப் பற்றி நம்ப விரும்பிய சில நிமிடங்களுக்குத்தான் வண்ணம் கிடைத்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

சண்டைக் காட்சிகள் ஏன் மற்றப் படங்களிலிருந்து வேறுபட்டுத் தெரிகின்றன?

129 நிமிடப் படத்தில் ரிங்குக்குள் நடப்பதெல்லாம் சேர்த்து ஏறத்தாழ பத்து நிமிடம்தான் தேறும். ஆனால் அதை எடுப்பதற்குத் திட்டமிட்டதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு காலம், பல வாரங்கள், பிடித்தது. ஒவ்வொரு குத்தும் ஓவியக் கட்டங்களாக முன்கூட்டியே வரையப்பட்டது. வழக்கமாகக் கயிற்றுக்கு வெளியே, பார்வையாளர் இருக்கையில் நிற்கும் கேமராவை ஒளிப்பதிவாளர் மைக்கேல் சாப்மன் கயிற்றுக்கு உள்ளே, லமோட்டாவின் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். லமோட்டாவின் மனநிலைக்கு ஏற்றபடி ரிங்கின் அளவே போட்டிக்குப் போட்டி மாறுகிறது. கேமராவுக்கு முன்னால் நெருப்பு எரியவிட்டு, காற்று நெளிவதுபோன்ற தோற்றத்தை ஒரு காட்சிக்கு உண்டாக்கினார்கள். ரத்தமாக ஓடுவது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் அதற்கும் ரத்தத்துக்கும் வேறுபாடு தெரியாது.

ஒலி தனிக் கதை. ஒலி வல்லுநர் ஃபிராங்க் வார்னர் குத்துகளின் ஓசைக்காகப் பழங்களையும் தக்காளிகளையும் நசுக்கினார். விலங்குகளின் பிளிறல்களைக் கூட்டத்தின் இரைச்சலுக்குள் கலந்தார். புகைப்படக்காரர்களின் ஒளிவீச்சு துப்பாக்கி வெடிப்பதுபோலக் கேட்கும்.

எல்லாம் ஒன்றுசேர்வது, லமோட்டா பலமுறை மோதிய எதிராளி ‘சுகர்’ ரே ராபின்சனோடு 1951-ஆம் ஆண்டு நடந்த போட்டியின் 13-ஆவது சுற்றில். லமோட்டா கயிற்றில் சாய்ந்து, இரண்டு கைகளையும் கயிற்றில் போட்டுக்கொண்டு, வா, வந்து அடி என்று எதிராளியைக் கூப்பிடுகிறான். ராபின்சன் ஓரடி பின்வாங்குகிறார். அரங்கின் இரைச்சல் முழுவதும் வடிந்து, மூச்சு வாங்கும் ஓசை மட்டும் மிஞ்சுகிறது. ராபின்சனின் வலக்கை மெதுவாக, மிக மெதுவாகத் தலைக்கு மேலே உயர்கிறது. பலிபீடத்தில் அரிவாள் உயர்வதைப்போல. அதன் பிறகு அடிகள் எண்ணிக்கொள்ள முடியாத வேகத்தில் விழுகின்றன. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் மேல் ரத்தம் தெறிக்கிறது. நடுவர் போட்டியை நிறுத்தியதும் லமோட்டா தள்ளாடிக்கொண்டே எதிராளியின் மூலைக்குப் போய், நீ என்னைக் கடைசிவரை கீழே விழவைக்கவில்லை என்கிறான். புதிய சாம்பியன் யார் என்று அறிவிப்பு ஒலிக்கையில் கேமரா கயிற்றைத் தொடர்ந்து நகர்ந்து, ரத்தம் சொட்டும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வென்றவரைக் காட்டவே இல்லை. படத்தொகுப்பாளர் தெல்மா ஸ்கூன்மேக்கருக்கு ஆஸ்கர் கிடைத்ததற்கு இந்த ஒரு சுற்றே போதும்.

டி நீரோ உண்மையிலேயே எடை கூட்டினாரா?

ஆம், ஒட்டுவேலை எதுவும் இல்லை. முதலில் அவர் லமோட்டாவிடமே பல மாதங்கள் பயிற்சி பெற்று, சண்டை வீரருக்குரிய உடம்பைத் தேற்றினார். அந்தப் பகுதிகள் முடிந்ததும் படப்பிடிப்பு சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. டி நீரோ இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போய் வயிறு முட்டச் சாப்பிட்டு, ஏறக்குறைய 60 பவுண்டு, அதாவது 27 கிலோ கூடித் திரும்பி வந்தார். மூச்சு விடுவதற்கே அவர் திணறியதால் கடைசிப் பகுதிக்கான படப்பிடிப்பு நாட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்தத் திணறல் படத்தில் கேட்கிறது. அது நடிப்பு இல்லை.

பின்னாளில் இது ஒரு நோயாகப் பரவி, எடையைக் கூட்டிக் குறைப்பதே நடிப்பு என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. டி நீரோவின் சாதனை எடையில் இல்லை. ஒல்லியாக இருந்தபோது கண்ணில் இருந்த அதே சந்தேகத்தைப் பருத்த முகத்துக்குள்ளும் அணையாமல் வைத்திருந்தாரே, அதில் இருக்கிறது.

ராபின்சனோடு நடந்த போட்டிகள் உண்மையில் எத்தனை?

ஆறு. முதலாவது 1942 அக்டோபரில் நியூயார்க்கில், ராபின்சன் வென்றார். 1943 பிப்ரவரி 5 அன்று டெட்ராய்ட்டில் லமோட்டா வென்றார். அதற்குமுன் ஆடிய 40 தொழில்முறைப் போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காதவரை, எட்டாவது சுற்றில் கயிற்றுக்கு வெளியே தள்ளி வீழ்த்திய வெற்றி அது. மூன்றே வாரத்தில், பிப்ரவரி 26 அன்று, அதே ஊரில் மறுபடியும் மோதினார்கள். லமோட்டா அவரை ஒருமுறை வீழ்த்தியும் புள்ளிக் கணக்கில் ராபின்சனே வென்றார். அவர் ராணுவத்தில் சேரப் போகிறார், அதனால்தான் அவருக்குத் தீர்ப்பளித்தார்கள் என்று படத்தில் லமோட்டாவின் தம்பி ஜோயி பொருமுவது இந்தப் போட்டியைப் பற்றித்தான். ராபின்சன் அப்போது ராணுவத்தில் சேர்ந்தது உண்மை. 1945-இல் இரண்டு போட்டிகள், இரண்டும் ராபின்சனுக்கு. கடைசியாக 1951 பிப்ரவரி 14, சிகாகோ. காதலர் தினத்தில் நடந்ததால், அதே ஊரில் 1929-இல் அதே நாளில் நடந்த தாதாக்கள் படுகொலையின் பெயரையே அந்தப் போட்டிக்கும் பத்திரிகைகள் சூட்டின.

ஆக ஐந்துக்கு ஒன்று. ஆனால் அந்தக் கணக்கைப் படிக்கும்போது தொடக்க காலத்தில் ராபின்சன் லமோட்டாவைவிட ஏறத்தாழ 15 பவுண்டு எடை குறைந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். படம் இந்த எடை வேறுபாட்டைச் சொல்வதில்லை.

கீழே விழவைக்கவில்லை என்ற பேச்சு ராபின்சனைப் பொறுத்தவரை மெய்தான். லமோட்டாவை முதன்முதலாகத் தரையில் உட்காரவைத்தவர் டேனி நார்டிகோ, 1952 டிசம்பர் 31 அன்று. படம் அதற்கு முன்பே ரிங்கை விட்டு வெளியேறிவிடுகிறது.

வேண்டுமென்றே தோற்ற போட்டி நடந்ததா?

நடந்தது. 1947 நவம்பர் 14 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பில்லி ஃபாக்ஸ் என்பவரிடம் நான்காவது சுற்றில் லமோட்டா தோற்றார். பார்த்தவர்களுக்கே சந்தேகம் வந்தது. நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் அவருக்கு அபராதம் விதித்து, சில மாதங்கள் இடைநீக்கமும் செய்தது. 1960-இல் அமெரிக்க மேலவையின் விசாரணைக் குழு முன்பு, சாம்பியன் பட்டத்துக்கான வாய்ப்பைப் பெறுவதற்காகவே தோற்றுக்கொடுத்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் மிடில்வெயிட் பட்டத்துக்குப் போகும் வழியை மாஃபியாக் கும்பல்கள் மறித்து வைத்திருந்தன. ஆண்டுக்கணக்காக அவர்களுக்கு வளைந்துகொடுக்காமல் நின்று பார்த்துவிட்டுத்தான் வளைந்தார்.

படம் நியூயார்க்கில் முதன்முதல் திரையிடப்பட்ட நாளும் நவம்பர் 14, 1980. தற்செயலாகத்தான் இருக்கும்.

அந்தப் போட்டிக்குப் பின் உடைமாற்றும் அறையில் லமோட்டா ஏங்கி ஏங்கி அழுவதைக் கவனிக்க வேண்டும். தோற்றதற்கு அழவில்லை. அடி வாங்காமல் தோற்றதற்கு அழுகிறான்.

மார்செல் செர்டான் பற்றிப் படம் சொல்லாமல் விட்டது என்ன?

1949 ஜூன் 16 அன்று டெட்ராய்ட்டில் பிரான்சின் செர்டானை வென்றுதான் லமோட்டா பட்டம் பெற்றார். முதல் சுற்றிலேயே செர்டானுக்குத் தோளில் அடிபட்டு, ஒரு கையோடு போராடி, பத்தாவது சுற்றுக்கு அவர் எழுந்து வரவில்லை. மறுபோட்டிக்காக அமெரிக்கா வந்துகொண்டிருந்தபோது, அக்டோபர் 28 அன்று, அசோர்ஸ் தீவுகளில் விமானம் விழுந்து இறந்துபோனார். பாடகி எடித் பியாஃபின் காதலர் அவர். பிரான்ஸ் முழுவதும் அந்தச் சாவுக்கு அழுதது.

படத்தில் இவற்றில் எதுவும் இல்லை; செர்டான் வெறும் ஒரு முகம். லமோட்டாவின் கண்ணுக்கு எதிராளி எவரும் ஆளாகத் தெரிந்ததில்லை என்பதால் இது பொருத்தமே என்று வாதிடலாம். எனக்கு அந்த வாதம் முழுதாக ஒப்பவில்லை. இறந்தவருக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

ஜானிரோவின் முகத்தைச் சிதைத்த காட்சி மிகைப்படுத்தப்பட்டதா?

டோனி ஜானிரோவோடு 1947 ஜூனில் நடந்த போட்டியும், அதில் லமோட்டா புள்ளிக் கணக்கில் வென்றதும் உண்மை. படத்தில் மனைவி விக்கி, அந்த வீரர் பார்க்க அழகாக இருப்பார் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு சொல் லமோட்டாவின் உள்ளே போய்ச் செரிக்காமல் கிடக்கிறது. ரிங்கில் ஜானிரோவின் மூக்கு இடம்மாறும்போதுதான் அது வெளியே வருகிறது. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் கும்பல் தலைவன், இனி அவன் அழகனில்லை என்று பக்கத்திலிருப்பவனிடம் சொல்ல, லமோட்டாவின் பார்வை மனைவியைத் தேடுகிறது. அச்சம் தருவது குத்து இல்லை, அந்தப் பார்வை.

தம்பி ஜோயி உண்மையான பாத்திரமா?

ஜோயி லமோட்டா என்று ஒரு தம்பி இருந்தார். அவரும் குத்துச்சண்டை ஆடியவர். ஆனால் படத்தில் ஜோ பெஸ்கி நடித்திருக்கும் ஜோயி இரண்டு பேரைக் குழைத்துச் செய்த ஒருவர்: உடன்பிறந்த தம்பி, சுயசரிதையை எழுதுவதில் பங்கேற்ற இளமைக்கால நண்பர் பீட்டர் சாவேஜ். நண்பனுக்குரிய நிகழ்ச்சிகள் பலவும் தம்பியின் தலையில் ஏற்றப்பட்டன. திரைக்கதைக்கு அதனால் கிடைத்த லாபம் பெரிது. நண்பனைச் சந்தேகப்படுபவனை நாம் கோபக்காரன் என்று விட்டுவிடலாம். கூடப் பிறந்தவனையே சந்தேகப்படுபவனை அப்படி விட முடியாது.

பெஸ்கி அப்போது நடிப்பை விட்டுவிட்டு உணவகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விக்கியாக நடித்த கேத்தி மொரியார்ட்டிக்கு இது முதல் படம். அப்போது அவர் இருபது வயதைக்கூட எட்டவில்லை.

சண்டைக் காட்சிகளுக்கு வெளியே எதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்?

தொலைக்காட்சிப் பெட்டிக் காட்சியை. பட்டம் வென்றாயிற்று, வீடு இருக்கிறது, வசதி இருக்கிறது. சட்டையின்றி, தொந்தி சரிய, வாயில் சாண்ட்விச்சோடு லமோட்டா பெட்டியின் ஆன்டெனாவைத் திருகிக்கொண்டிருக்கிறான். திரையில் கோடுகள் ஓடுகின்றன, படம் நிற்கவில்லை. வெளியே போய்வந்த விக்கி, உள்ளே நுழைந்ததும் ஜோயிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போகிறாள். உதட்டில் எதற்கு முத்தம் என்று தொடங்குகிறான் அண்ணன். தம்பி சிரித்து மழுப்புகிறான். கேள்வி வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வருகிறது. குரல் உயரவே இல்லை. கடைசியில், நீ என் மனைவியோடு படுத்தாயா என்று தம்பியைப் பார்த்தே கேட்டுவிடுகிறான். அதற்குப் பதில் சொல்லமாட்டேன், நீ கேட்கிற கேள்வி நோய் பிடித்த கேள்வி என்று ஜோயி எழுந்து போகிறான்.

பிறகு மாடியில் விக்கிக்கு அடி. ஆமாம், எல்லாரோடும்தான் என்று அவள் ஆத்திரத்தில் கத்துகிறாள். லமோட்டா அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போகிறான். அங்கே பிள்ளைகளோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பியை இழுத்துப் போட்டு அடிக்கிறான். ரிங்கில் இவ்வளவு நேரம் நாம் பார்த்த அதே அடிகள். இங்கே கையுறை இல்லை, நடுவர் இல்லை, சுற்று முடிந்ததென்று சொல்ல மணி இல்லை. சண்டைக் காட்சிகள் இத்தனை அலங்காரமாகவும், வீட்டுக் காட்சிகள் எந்த அலங்காரமும் இல்லாமல் அசையாத கேமராவோடும் எடுக்கப்பட்டதன் நோக்கம் இந்த இடத்தில் தெளிவாகிறது.

இத்தனை கொடியவனைப் பற்றி ஏன் ஒரு படம்?

சுயசரிதையில் ஒரு விளக்கம் இருக்கிறது. சிறுவயதில் ஒருவரைக் கொள்ளையடிக்கப் போய், இரும்புக் குழாயால் அடித்து, அவர் செத்துவிட்டார் என்றே லமோட்டா பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார்; பின்னர் அந்த மனிதர் உயிரோடு வந்து நின்றார். கொலைகாரன் என்ற எண்ணத்தோடு ரிங்கில் ஏறியவன் தண்டனையாக அடி வாங்கினான் என்று கோத்துச் சொல்வதற்கு இதைவிட வசதியான நூல் எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கும் கிடைக்காது. வறுமை, சீர்திருத்தப் பள்ளி என்று இளமைப் பருவமே கைவசம் இருந்தது.

ஸ்கோர்செஸி அத்தனையையும் தூக்கிப் போட்டார். படத்தின் கதை 1941-இல், லமோட்டா வளர்ந்த ஆளாக, ஜிம்மி ரீவ்ஸோடு சண்டையிட்டுத் தோற்பதிலிருந்து தொடங்குகிறது; அவன் இப்படி ஆனதற்கு முன்கதை எதுவும் தரப்படுவதில்லை. வாழ்க்கைப் படம் என்றாலே சின்ன வயதில் பட்ட காயம் ஒன்றைக் காட்டி, அதை வைத்துப் பெரிய வயதின் குற்றங்களையெல்லாம் கழுவி விடுவது வழக்கமாகிவிட்ட நிலையில், இந்தப் படம் அந்தச் சலுகையைத் தன் நாயகனுக்குத் தரவில்லை. அவன்மேல் இரக்கம் வந்தால் அது அவன் செய்ததையெல்லாம் பார்த்த பிறகும் வருகிற இரக்கமாக இருக்க வேண்டும். வராவிட்டால் அதுவும் நியாயமே. இந்த நேர்மைக்காகத்தான் படம் எனக்குப் பெரிதாகப்படுகிறது. நுட்பங்களெல்லாம் அதற்கு அடுத்தவை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. விக்கி எதற்காக இத்தனை ஆண்டுகள் அங்கே இருந்தாள், எப்படித் துணிந்து வெளியேறினாள் என்பதைப் படம் அவள் பக்கத்திலிருந்து ஒருபோதும் கேட்பதில்லை. அவனுடைய பார்வைக்குள் அடைபட்ட படம் என்பதால் நமக்கும் அவள் எட்டாமலே இருக்கிறாள். அந்தக் குறையைச் சுட்டுகிறவர்கள் தவறாகப் பார்க்கவில்லை.

சிறைக் காட்சி எதைப் பற்றியது?

ஓய்வுக்குப் பின் லமோட்டா மயாமியில் இரவு விடுதி நடத்தினார். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை ஆண்களுக்கு அறிமுகப்படுத்தி வைத்தார் என்ற குற்றச்சாட்டில் கைதாகி, ஆறு மாதங்கள் சிறையில் இருந்தார். தான் குற்றமற்றவன் என்றே அவர் சொல்லிவந்தார். வழக்கிலிருந்து மீளப் பணம் தேடி, சாம்பியன் பெல்ட்டிலிருந்து கற்களைச் சுத்தியலால் உடைத்தெடுக்கும் லமோட்டாவைப் படம் காட்டுகிறது. பெல்ட்டை முழுதாகக் கொண்டுவந்திருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும், வெறும் கற்களுக்கு மதிப்பில்லை என்று கடைக்காரர் கைவிரித்துவிடுகிறார்.

இருட்டுக் கொட்டடியில் அவன் சுவரைக் குத்தி, தலையால் முட்டி, நான் மிருகமில்லை என்று புலம்புகிறான். முகம் சரியாகத் தெரிவதில்லை. ஒரு கீற்று வெளிச்சத்தில் தோள் மட்டும் தெரிகிறது. படம் முழுக்க எதிராளியைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் இங்கே கல் மட்டும்தான் நிற்கிறது.

கடைசியில் கண்ணாடி முன்பு அவன் பேசுவது என்ன? அதன்பின் வரும் வாசகம் எதற்கு?

1954-இல் வந்த ‘ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்’ படத்தில் மார்லன் பிராண்டோ பேசும் புகழ்பெற்ற வசனம் அது. தோற்றுப்போன குத்துச்சண்டை வீரன் ஒருவன், என் வாழ்க்கையைக் கெடுத்தது நீதான் என்று தன் அண்ணனிடம் சொல்லும் இடம். லமோட்டா அதைத் தன் மேடை நிகழ்ச்சிக்காக ஒப்பிக்கிறான், உணர்ச்சியே இல்லாமல். அண்ணனைக் குற்றம் சாட்டும் வசனத்தை, தம்பியை அடித்துத் துரத்திய அண்ணன் கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறான். அவன் யாரைக் குற்றம் சாட்டுகிறான் என்பது அவனுக்குப் புரிந்ததா என்று படம் உறுதி சொல்லவில்லை.

திரை இருண்டதும் யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்திலிருந்து, பார்வை பெற்றவனின் கதை வருகிறது: “நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்.” லமோட்டாவுக்கு மீட்பு கிடைத்துவிட்டதாக இதை வைத்துப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கீழேயே, ஸ்கோர்செஸிக்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் கற்பித்த ஆசிரியர் ஹைக் மனூகியனுக்குப் படம் காணிக்கையாக்கப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். படம் வெளிவந்த ஆண்டில்தான் அவர் இறந்தார். கண் திறந்தவன் லமோட்டா என்பதைவிட, தன் ஆசிரியரால் பார்க்கக் கற்றுக்கொண்ட மாணவன் என்று கொள்வதே எனக்கு இயல்பாகப்படுகிறது.

வெளியானபோது வரவேற்பு எப்படி இருந்தது?

இரண்டாகப் பிளந்து கிடந்தது. வன்முறை தாங்க முடியவில்லை, நாயகனிடம் மதிக்க எதுவும் இல்லை என்று ஒரு சாரார் எழுதினார்கள். ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் டாலரில் எடுத்த படம் திரையரங்குகளில் பெரிய லாபம் எதையும் பார்க்கவில்லை. எட்டு ஆஸ்கர் பரிந்துரைகளில் கைக்கு வந்தவை இரண்டு: டி நீரோவுக்குச் சிறந்த நடிகர், ஸ்கூன்மேக்கருக்குப் படத்தொகுப்பு. சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டும் ‘ஆர்டினரி பீப்பிள்’ படத்துக்குப் போயின. அமெரிக்க அதிபர் ரீகன் 1981 மார்ச் 30 அன்று சுடப்பட்டதால் அந்த விழாவே ஒருநாள் தள்ளிப்போனது. சுட்டவன் வெறிகொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தது இதே ஸ்கோர்செஸியும் டி நீரோவும் சேர்ந்து செய்த ‘டாக்ஸி டிரைவர்’.

காலம் கணக்கை மாற்றிப் போட்டது. 1980கள் முடிந்தபோது அந்தப் பத்தாண்டின் சிறந்த படம் இதுவே என்றார்கள் அமெரிக்க விமர்சகர்கள் பலர். 1990-இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் நூறு படங்கள் பட்டியலில் 1998-இல் 24-ஆம் இடத்தில் இருந்தது, 2007-இல் 4-ஆம் இடத்துக்கு ஏறியது.

சிறுவர்களோடு பார்க்கலாமா?

கூடாது. வசவுச் சொற்கள் இல்லாத காட்சி அரிது. பெண்கள்மீதான வன்முறை நேரடியாகவே காட்டப்படுகிறது.

லமோட்டா படத்தைப் பார்த்தாரா? பிறகு என்ன ஆனார்?

பார்த்தார். நான் இப்படியா இருந்தேன் என்று அவர் முன்னாள் மனைவி விக்கியிடம் கேட்டதாகவும், இதைவிட மோசமாக இருந்தாய் என்று அவர் பதில் சொன்னதாகவும் ஒரு பேச்சு பரவலாக வழங்குகிறது. கேலிப் பேச்சுக்காரரான லமோட்டாவே மேடைதோறும் அதைச் சொல்லி மகிழ்ந்தார். ராபின்சனோடு அத்தனை முறை மோதியும் தனக்குச் சர்க்கரை நோய் வராதது அதிசயம் என்பது அவருடைய இன்னொரு வாடிக்கையான நகைச்சுவை.

1990-இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டு ஒரு மகனைப் புற்றுநோய்க்கும், சில மாதங்களில் இன்னொரு மகனை ஸ்விஸ்ஏர் விமான விபத்துக்கும் பறிகொடுத்தார். விக்கி 2005-இல் இறந்தார். ரிங்கில் தன்னோடு மோதிய பெரும்பாலோருக்குப் பிறகும் நெடுங்காலம் வாழ்ந்த லமோட்டா, 2017 செப்டம்பர் 19 அன்று ஃப்ளோரிடாவில் காலமானார். வயது 95.